காசு கொடுத்து மண் வீட்டுக்குப் போனோம்!



இந்தப் பகுதிக்கு இதற்கு முன் இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். இரண்டுமே சமையல் குறிப்புதான். இந்தத் தடவை ஒரு வீட்டைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்த பிறகுதான் தெரிகிறது, அது ஒரு வீடு இல்லை, இரண்டு வீடு! ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது. இன்னொன்று மணப்பாறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நான் திருச்சியில் வசிக்கிறேன். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஒரே மகன். அவன் இங்கிலாந்தில் ரெடிங் என்கிற ஊரில் வேலையில் இருக்கிறான். மருமகளும் வேலைக்குப் போகிறாள். பேத்தியைப் பார்த்துக்கொள்ள 2023-ம் வருஷம் ஏப்ரலில் நானும் என் வீட்டுக்காரரும் அங்கே போனோம். ஜூன் மாதம் மருமகள் ஒருநாள், "அத்தை, ஒரு வாரம் லீவு போட்டிருக்கோம். டெவன்ங்கிற இடத்துல ஒரு பழைய கிராமத்து வீட்டை வாடகைக்குப் பிடிச்சிருக்கேன். உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றாள்.

கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினாள். பார்த்ததும் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. வைக்கோல் கூரை! மண் சுவர்! குனிந்து நுழைகிற வாசல்! 'அடிப்பாவி, லண்டன் ராணி அரண்மனையைக் காட்டுவாய் என்று பார்த்தால், ஆடு மாடு கட்டுகிற கொட்டகைக்கா கூட்டிப் போகிறாய்' என்று மனசுக்குள் நினைத்தேன். வெளியே சொல்லவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் ஊரிலிருந்து தம்பி போன் செய்தபோது, "காசு கொடுத்து மண் வீட்டுக்குப் போறோம்டா, கேட்டியா இந்தக் கூத்தை" என்று சிரித்துச் சிரித்துச் சொன்னேன். மருமகள் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

ஏன் எனக்கு அவ்வளவு வெறுப்பு என்று சொல்லிவிடுகிறேன். நான் பிறந்ததே மண் வீட்டில்தான். செம்மண் சுவர், நாட்டு ஓடு, முன்னால் திண்ணை, பின்னால் அடுப்படி. தாத்தா கட்டியது. 1981-ல் என்னைப் பெண் பார்க்க வந்தபோது, வந்தவர்களில் ஒரு அம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்கும்போது, பட்டுப்புடவையில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டித் தட்டி விட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டிய அந்தச் சத்தம் மட்டும் எனக்கு இன்று வரைக்கும் காதில் இருக்கிறது. அந்த இடம் அமையவில்லை. வேறு இடத்தில்தான் அமைந்தது, நன்றாகவே அமைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் அந்த வீட்டின் மேல் எனக்கு ஒரு கோபம் உட்கார்ந்துவிட்டது.

அதனால்தான் 1998-ல் என் வீட்டுக்காரருக்கு அரியர்ஸ் பணம் மொத்தமாக வந்தபோது, அதில் பாதியை அம்மா வீட்டுக்குக் கொடுத்து, "வெளிச்சுவர் பூரா சிமெண்ட் பூசு, தரையும் சிமெண்ட் போடு" என்று தம்பியிடம் சொன்னேன். அம்மா வேண்டாம் என்றாள். "மண்ணு சுவருக்கு வேர்க்கும்டி. வேர்வை வெளிய போகணும். சிமெண்டைப் போட்டு மூடிட்டா அது எங்க போகும்?" என்றாள். சுவருக்கு வேர்க்குமாம்! நானும் தம்பியும் சிரித்தோம். என் பிடிவாதம்தான் ஜெயித்தது. வீடு பளிச்சென்று ஆனது. எனக்கு அப்போது எவ்வளவு பெருமை தெரியுமா?

அஞ்சாறு வருஷம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு அடிச்சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏற ஆரம்பித்தது. அடுப்படிப் பக்கத்துச் சுவர் பிள்ளைத்தாய்ச்சி வயிறு மாதிரி வெளியே தள்ளியது. சிமெண்ட் பாளம் பாளமாக விழுந்தது. உள்ளே மண் கேழ்வரகுக் களி மாதிரி நசநசவென்று. "பார்த்தியா, மண் வீடுன்னா இப்படித்தான்" என்று நான் அதற்கும் மண்ணைத்தான் திட்டினேன்.

நாங்கள் இங்கிலாந்து கிளம்பும் முன்னாலேயே தம்பி, வீட்டை மொத்தமாக இடித்துவிட்டு கான்க்ரீட் வீடு கட்டுவது என்று முடிவு பண்ணிவிட்டான். அவன் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள். அவன் நியாயம் அவனுக்கு. ஆனால் வீடு அம்மா பேரில் இருக்கிறது. 84 வயது அம்மா கையெழுத்துப் போடமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள். "நீ வந்து சொன்னாத்தான் அக்கா கேட்கும். நீ திரும்பி வந்ததும் முதல் வேலை அதுதான்" என்று தம்பி சொல்லியிருந்தான். நானும் சரி என்று ஒப்புக்கொண்டிருந்தேன். இந்த நிலையில்தான் மருமகள் என்னை மண் வீட்டுக்குக் கூட்டிப்போகிறாள்!

ரெடிங்கிலிருந்து காரில் நாலு மணி நேரம். எக்ஸிட்டர் என்கிற ஊரைத் தாண்டி, க்ரெடிடன் பக்கம். கடைசியில் பாதை ஒரு கார் மட்டும் போகிற அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் மண் கரை, அதன் மேல் வேலி. எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருத்தர் பின்னாலேயே போய் ஒதுங்க வேண்டும். ஒரு வளைவில் வேலி இடைவெளியில் உழுத வயல் தெரிந்தது. நான் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். செக்கச்செவேல் என்று செம்மண்! நம்ம மணப்பாறைப் பக்கம் மழைக்கு முன்னால் உழுது போட்டிருப்பார்களே, அதே நிறம். என் வீட்டுக்காரர், "என்னடி, உங்க ஊருக்கே வந்துட்ட மாதிரி இருக்கு" என்று கிண்டல் செய்தார்.

வீட்டுக்கு வயது நானூறு இருக்குமாம். கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை. சுவர் அகலம் இரண்டு அடிக்கும் மேல். ஜன்னல் திண்டில் பேத்தி காலை நீட்டிப் படுத்துக்கொண்டாள். உத்தரம் தாழ்வாக இருந்ததில் முதல் நாளே என் மகன் மூன்று தடவை தலையை இடித்துக்கொண்டான். எனக்குக் குள்ளமாக இருப்பதில் உள்ள ஒரே லாபம் அன்றைக்குத்தான் தெரிந்தது! உள்ளே குளியலறை, சுடுதண்ணி, கேஸ் அடுப்பு எல்லா வசதியும் இருந்தது. ஆனால் எதுவும் கண்ணில் குத்துகிற மாதிரி இல்லை. சுவர் பூரா வெள்ளைச் சுண்ணாம்பு. எங்கேயும் ஒரு மூலை நேராக இல்லை. சுவர் சேலை மடிப்பு மாதிரி கொஞ்சம் வளைந்து வளைந்து போயிற்று.

வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. (ஜூனில் அங்கே ராத்திரி ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கிறது, பேத்தியைத் தூங்க வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.) உள்ளே நுழைந்தால் ஜில்லென்று இருந்தது. அந்த ஜில்லிப்பு எனக்குத் தெரியாததா? எங்கள் வீட்டில் சித்திரை மாதத்தில் அம்மா எங்களை வெறும் தரையில் படுக்கப் போடும்போது முதுகில் ஏறுகிற அதே ஜில்லிப்பு. நான் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள்தான் தமாஷ். ரசம் வைத்தேன். மிளகாய் கிள்ளிப் போட்டு நெய்யில் தாளித்தேன், அவ்வளவுதான். வீடே அலறியது! புகை வந்தால் கத்துகிற கருவியை உத்தரத்துக்கு உத்தரம் பொருத்தியிருக்கிறார்கள். வைக்கோல் கூரை இல்லையா, நெருப்பு என்றால் அவர்களுக்கு உயிர் போகிற பயம். பக்கத்தில் பண்ணை வீட்டில் இருக்கிற வீட்டுக்கார அம்மாள் ரப்பர் பூட்ஸோடு ஓடி வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் கையில் கரண்டியோடு திருதிருவென்று விழித்தேன். அவர் தும்மினார், நான் தும்மினேன், இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். உட்கார வைத்து ஒரு டம்ளர் ரசம் கொடுத்தேன். ஊதி ஊதிக் குடித்துவிட்டு, ஜலதோஷத்துக்கு நல்லது போலிருக்கிறதே என்றார். நம்ம ரசத்தைப் பற்றித் தெரியாமலே சரியாகச் சொல்லிவிட்டார் பாருங்கள்!

அதற்குப் பிறகு அவர் தினமும் வந்தார். ஒருநாள் அவர்கள் ஊர் கட்டிப் பாலாடையும் ஜாமும் பன்னும் கொண்டுவந்தார். பாலை மெதுவாகச் சூடு பண்ணி ஆறவிட்டு, மேலே படிகிற கனத்த ஏட்டை எடுப்பது. நம் வீட்டில் ஏடு எடுப்பதுதான். டெவன்காரர்கள் பன்னில் முதலில் பாலாடை, அதன் மேல் ஜாம் வைக்க வேண்டும் என்பார்களாம். பக்கத்து கார்ன்வால்காரர்கள் முதலில் ஜாம் என்பார்களாம். இதற்கு ஒரு சண்டை! எந்த ஊரானால் என்ன, அடுப்படிச் சண்டை ஒன்றுதான்.

வீட்டை அவர்தான் சுற்றிக் காட்டினார். மகன் மொழிபெயர்த்தான். கீழ் அறையில் ஆளே உள்ளே போய் உட்காரக்கூடிய அளவுக்குப் பெரிய கணப்பு. அதன் பக்கச் சுவருக்குள் களிமண்ணில் சுட்ட ஒரு பெரிய பானை மாதிரி அடுப்பு பதித்திருந்தது. அந்தக் காலத்தில் டெவன் குயவர்கள் செய்து விற்றதாம். உள்ளே சுள்ளியைப் போட்டுக் கொளுத்தி, சூடேறியதும் தணலையும் சாம்பலையும் வாரிவிட்டு, ரொட்டி மாவை உள்ளே தள்ளி, களிமண் மூடியை வைத்துச் சுற்றிலும் ஈர மண் பூசி அடைத்துவிடுவார்கள். அடுப்பின் சூட்டிலேயே ரொட்டி வேகும். புகைபோக்கியின் உட்புறத்துக்குச் சுண்ணாம்போடு மாட்டுச்சாணம் கலந்து பூசுவது வழக்கம் என்றார். சாணம் என்று மகன் சொன்னதும் நான் நம்பவில்லை. "டேய், சரியாக் கேட்டியா?" என்றேன். அவர் தன் பண்ணை மாட்டைக் கைகாட்டி, எதற்குச் சந்தேகம் என்கிற மாதிரி வாலுக்குக் கீழே சைகை செய்து காட்டினார்! என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இன்னொன்றும் சொன்னார். இந்த மாதிரிப் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும்போது புகைபோக்கிக்குள்ளே, சுவருக்குள்ளே ஒற்றைச் செருப்பு கிடைக்குமாம். கெட்டது அண்டாமல் இருக்க மறைத்து வைத்தது என்று நினைக்கிறார்கள். அப்படிக் கிடைத்த செருப்புகளுக்கு நார்த்தாம்ப்டன் மியூசியத்தில் ஒரு கணக்குப் புத்தகமே வைத்திருக்கிறார்கள். நம்மூரில் புது வீட்டு வேலை நடக்கும்போது பழைய செருப்பையும் திருஷ்டி பொம்மையையும் கட்டித் தொங்கவிடுகிறோமே! கண்ணேறு எல்லா ஊரிலும் இருக்கிறது போலும்.

கூரையைப் பற்றிக் கேட்டேன். கோதுமை வைக்கோல். ஆனால் இப்போது விளைகிற குட்டைக் கோதுமை உதவாது, உயரமாக வளர்கிற பழைய ரகம் வேண்டும், அதைத் தாள் நசுங்காமல் அடித்து எடுக்க வேண்டும். கூரை மேய்வதற்கென்றே தொழில்காரர்கள் இருக்கிறார்கள். நல்லபடியாக மேய்ந்தால் இருபத்தைந்து முப்பது வருஷம் தாங்கும். முகட்டை மட்டும் இடையில் ஒரு தடவையாவது புதுப்பிக்க வேண்டும். இதைக் கேட்டதும் அப்பா ஞாபகம் வந்தது. குட்டை நெல் வந்த பிறகு மாட்டுக் கொட்டகை மேய வைக்கோலே சரியில்லை என்று புலம்பிக்கொண்டே இருப்பார். மாப்பிள்ளைச் சம்பா தாள் ஆள் உயரம் நிற்கும் என்பார்.

கடைசியாக மாடிப்படிக்குப் பக்கத்துச் சுவருக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு தட்டு அளவுக்குச் சுவரைப் பூசாமல் விட்டு, மேலே கண்ணாடி போட்டிருந்தது. உள்ளே தெரிந்தது... செம்மண். அதில் குறுக்கும் நெடுக்குமாக வைக்கோல், இரண்டு மூன்று பொடிக் கல்.

மண்ணைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, வைக்கோல் போட்டு, மாட்டையோ மனிதரையோ விட்டு மிதிக்க வைத்து, கல் அஸ்திவாரத்தின் மேல் ஒரு முழம், ஒன்றரை முழம் உயரத்துக்குப் படை வைப்பார்கள். அது வாரக்கணக்கில் காய வேண்டும். பிறகு அதற்கு மேல் அடுத்த படை. ஒரு வீடு எழும்ப ஒரு கோடை முழுக்க ஆகும், சில சமயம் அடுத்த கோடையும் ஆகும். மண் வீட்டுக்குத் தலையில் நல்ல தொப்பியும் காலில் நல்ல ஜோடும் இருந்தால் போதும் என்று அந்தப் பக்கத்தில் ஒரு பழமொழி உண்டாம். தொப்பி என்றால் கூரை, ஜோடு என்றால் கல் அஸ்திவாரம். ஏழை வீடு மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். எலிசபெத் ராணி காலத்துப் பெரிய மாலுமி வால்டர் ராலே பிறந்த வீடுகூட டெவனில் மண் சுவரும் வைக்கோல் கூரையுமாக இன்றும் நிற்கிறது.

"அப்புறம் ஏன் இந்த வீடு கெட்டுப்போச்சுன்னு கேளுடா" என்றேன். சமையலறை மேஜையில் இருந்த பழைய போட்டோக்களை எடுத்துக் காட்டினார். ஒரு போட்டோவில் பக்கச் சுவர் அடியோடு உட்கார்ந்து, மேல் அறைக் கட்டில் வெளியே தெரிந்தது.

மகன் கேட்டுக் கேட்டுச் சொன்னான். "முன்னாடி இருந்தவங்க சுவர் அழகா இருக்கட்டும்னு வெளியில சிமெண்ட் பூசிட்டாங்களாம்மா. சிமெண்ட்ல சின்னச் சின்ன விரிசல் விழுந்து மழைத்தண்ணி உள்ள போயிருக்கு. தரையில இருந்தும் ஈரம் ஏறியிருக்கு. சுண்ணாம்பா இருந்தா அந்த ஈரம் வெளிய வந்து காஞ்சிடும். சிமெண்ட் விடல. உள்ளயே தங்கி, அடிச்சுவர் ஊறிப்போயி ஒருநாள் ராத்திரி அப்படியே..." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். "சுவருக்கு வேர்க்கும், அது வெளிய போகணும்ங்கிற மாதிரி சொல்றாங்கம்மா."

சகோதரிகளே, நான் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். 1998-ல் அவரும்தானே பக்கத்தில் நின்று சிரித்தார்! படிக்காத அம்மா திண்ணையில் உட்கார்ந்து சொன்னதை ஐயாயிரம் மைல் தாண்டி வந்து, வெள்ளைக்கார அம்மா சொல்லித்தான் நான் கேட்க வேண்டும் என்று இருந்திருக்கிறது. இதில் எனக்கு அழுகைதான் வந்தது. அவருக்கு ஒன்றும் புரியாமல் டீ போட்டுக் கொடுத்தார்.

அன்று ராத்திரி பேத்தி தூங்கிய பிறகு மருமகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அத்தை, நீங்க மாமாகிட்ட போன்ல பேசினதைக் கேட்டேன். எனக்குக் கோபம் இல்லை. நான் பொறந்ததுல இருந்து ஃப்ளாட்லதான் இருந்திருக்கேன். நீங்க மண் வீட்டுல பொறந்தவங்கன்னு இவர் சொன்னாரு. அதனாலதான் இந்த வீட்டைப் பார்த்ததும் பிடிச்சேன். கல்யாணமாகி ஆறு வருஷம் ஆச்சு. நீங்க பொறந்த வீட்டை ஒரு தடவைகூட எனக்குக் காட்டல" என்றாள்.

என்ன பதில் சொல்வேன்? கல்யாணத்தைத் திருச்சி மண்டபத்தில் வைத்தோம். மறுவீட்டுக்கும் தம்பி குடும்பத்தைத்தான் திருச்சிக்கு வரச் சொன்னேன். அம்மாவையும் காரில் அழைத்துவந்து காரிலேயே அனுப்பினேன். புது மருமகள் புடவையில் சுண்ணாம்பு ஒட்டிவிடுமோ என்று அல்லவா பயந்திருக்கிறேன்! பெண் பார்த்த கதையை அவளிடம் சொன்னேன். என் வீட்டுக்காரருக்குக்கூட அதுவரை சொல்லாத கதை. அவள் ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பழைய வீட்டைக் காப்பாற்ற அங்கே எவ்வளவு ஏற்பாடு என்று மறுநாள் அவள்தான் விளக்கினாள். 1700-க்கு முன் கட்டிய வீடு பெரும்பாலும் பழைய நிலையிலேயே இருந்தால் அதை அரசாங்கப் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். பட்டியலில் ஏறிய வீட்டில் அனுமதி வாங்காமல் அதன் தன்மையை மாற்றினால் குற்றம். வில்லியம் மாரிஸ் என்பவர் 1877-லேயே பழைய கட்டடங்களைக் காக்க ஒரு சங்கம் ஆரம்பித்திருக்கிறார். 1895-ல் ஆரம்பித்த நேஷனல் டிரஸ்டின் மூன்று ஸ்தாபகர்களில் ஒருவர் பெண்மணி, ஆக்டேவியா ஹில். முயல் கதைகள் எழுதிய பியாட்ரிக்ஸ் பாட்டர் 1943-ல் இறந்தபோது நாலாயிரம் ஏக்கருக்கு மேல் நிலமும் பண்ணை வீடுகளும் அந்த டிரஸ்டுக்குத்தான் எழுதி வைத்திருந்தார். இடிகிற நிலையில் உள்ள வீடுகளை எடுத்துச் சரிசெய்து, விடுமுறைக்கு வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்திலேயே பராமரிப்பதற்கென்று 1965-ல் தொடங்கிய லேண்ட்மார்க் டிரஸ்டும் இருக்கிறது. நாங்கள் தங்கியது தனியார் வீடுதான். அந்த அம்மாளும் அவர் கணவரும் விழுந்த சுவரின் மண்ணையே திரும்பக் குழைத்து அதே இடத்தில் வைத்திருக்கிறார்கள். சிமெண்டைச் செதுக்கி எடுத்துவிட்டு மாதக்கணக்கில் சுவரைக் காயவிட்டார்களாம். காய்கிற வரை எதுவும் பூசக்கூடாது, அவசரப்பட்டால் பட்ட பாடெல்லாம் வீண் என்று இரண்டு தடவை சொன்னார். நான் அதைச் சமையல் குறிப்பு மாதிரி நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

கிளம்புகிற அன்று வருகிறவர்கள் எழுதுகிற புத்தகத்தில் எழுதச் சொன்னார். நான் தமிழில் எழுதினேன். என்ன எழுதினேன் என்று அவர் கேட்டார். "சுவர் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள்" என்று மகன் சொன்னான். உண்மையில் நான் எழுதியது அம்மாவிடம் மன்னிப்பு.

செப்டம்பரில் ஊர் திரும்பினோம். தம்பியிடம் கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்று சொன்னவள், இடிக்காதே என்று போய் நின்றால் சும்மா விடுவானா? "ஒரு வாரம் ஜாலியா தங்கிட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்கிறியா அக்கா?" என்று கத்தினான். அதைவிடத் தம்பி மனைவி சொன்னதுதான் எனக்கு உறைத்தது. "வந்து பார்க்கிறவங்களுக்கு அழகாத்தான் இருக்கும் அண்ணி. அந்த அடுப்படியில புகையில நிக்கிறவ நான்தானே? மழை பேஞ்சா ராத்திரி கொல்லைக்குப் போறது நான்தானே?"

நியாயம்தானே! அந்த டெவன் வீட்டில் குளியலறையும் கேஸ் அடுப்பும் இல்லாமல் இருந்தால் நான் ஒரு நாள் தங்கியிருப்பேனா? பழைய வீட்டை வாயால் புகழ்வது சுலபம். கூட்டி, மெழுகி, ஓடு மாற்றுகிறவள் கஷ்டத்தை யாரும் போட்டோ எடுப்பதில்லை.

மூன்று மாதம் பேச்சு, கோபம், மறுபடி பேச்சு. கடைசியில் இப்படி முடிவானது. வயிறு தள்ளிய பின்கட்டை இடித்துவிட்டுச் செங்கல், கான்க்ரீட்டில் நல்ல வெளிச்சமான சமையலறையும், உள்ளேயே கழிப்பறை, குளியலறையும் கட்டுவது. முன்கட்டு, திண்ணை, அம்மாவின் அறை அப்படியே இருக்கட்டும், சரிசெய்து பார்ப்போம். சரிவரவில்லை என்றால் அதையும் இடிப்பது. செலவில் பாதி என்னுடையது. சிமெண்ட் பூசச் சொன்னவள் நான்தானே!

2024 மாசியில் வேலை ஆரம்பித்தோம். சிமெண்டைத் தட்டி எடுத்தபோது அம்மா திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தாள். கொத்தனார் பையன்களுக்குச் சுண்ணாம்பு வேலை தெரியவில்லை. கோயில் திருப்பணியில் வேலை செய்த வயதான கொத்தனார் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். அவர் சுவரைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "பங்குனி, சித்திரை ரெண்டு மாச வெயில் படட்டும், அப்புறம் கூப்பிடுங்க" என்று போய்விட்டார். டெவன் அம்மாள் சொன்ன அதே பேச்சு. சித்திரைக் கடைசியில் வந்து, நீற்றிய சுண்ணாம்பை ஊறப்போட்டு, மணல் சேர்த்து, கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டு அரைத்துப் பூசினார். வீட்டைச் சுற்றி மழைத்தண்ணி தேங்காமல் ஓட ஒரு கால்வாயும் வெட்டினோம். உங்கள் வீட்டிலும் பழைய மண் சுவரோ சுண்ணாம்புச் சுவரோ இருந்து அடியில் ஈரம் ஏறினால், உடனே சிமெண்ட் பூசிவிடாதீர்கள். முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள், விவரம் தெரிந்த பெரியவர் யாரையாவது கூப்பிட்டுக் காட்டுங்கள்.

இரண்டு மழைக்காலம் போய்விட்டது. முன்கட்டில் ஈரம் இல்லை. ஒரு மூலையில் மட்டும் லேசாக விரிசல் விட்டிருக்கிறது, அதற்குப் பெரியவரை வரச் சொல்லியிருக்கிறோம். தம்பி இன்னும் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. பெண்ணுக்கு வரன் தகைந்துவிட்டது. பார்க்க வந்தவர்கள் வீட்டைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை, பெண் என்ன சம்பளம் வாங்குகிறாள் என்றுதான் கேட்டார்கள்!

2024 டிசம்பரில் மகன் குடும்பத்தோடு வந்தான். திருச்சியில் பெட்டியை வைத்துவிட்டு மறுநாளே மருமகள், "அத்தை, கிளம்பலாமா?" என்றாள். நல்ல பட்டுப்புடவையாகக் கட்டிக்கொண்டு வந்தாள். திண்ணையில் ஏறி அம்மா பக்கத்தில் சுவரில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். எழுந்தபோது முதுகெல்லாம் சுண்ணாம்பு. அவள் தட்டிவிடவில்லை. வேண்டுமென்றே விட்டாளா, கவனிக்கவில்லையா, நான் கேட்கவில்லை.

டெவன் கதையை எல்லாம் அம்மாவிடம் மகன் சொல்லிக்கொண்டிருந்தான். அம்மா வெற்றிலையை மென்றபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி, அந்த வெள்ளைக்காரிக்கும் சாணி தெரியுமா?"

"தெரியும்மா."

"அவ மகளாச்சும் சொன்ன பேச்சைக் கேக்குறாளா?"

- ஒரு வாசகி, திருச்சி